மெத்தைக்கு வந்த ஆடிட்

ஜோதிமணி வீட்டுக்குள் கரப்பான் பூச்சி நுழைவதானால் வாசலில் கால் கழுவிவிட்டுத்தான் நுழையும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று சொல்கிறவர்களும் உண்டு; அது கிடக்கட்டும். ஓசூரில் கம்பெனி பஸ்கள் திரும்பும் முனைக்குப் பின்னால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் லைன் வீடுகளில் ஒன்று அவளுடையது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அழுக்கு வந்து உட்கார அங்கே இடமே கிடையாது. ஆனாலும் விடிந்ததும் ஒருமுறை, கணவன் ஷிப்டுக்குப் போனதும் ஒருமுறை, அப்புறம் காரணமே இல்லாமல் ஒருமுறை என்று கூட்டித் துடைத்துக்கொண்டே இருப்பாள். அவள் துடைத்த சுவரில் ஏற முடியாமல் ஒரு பல்லி சறுக்கிச் சறுக்கி விழுந்து, கடைசியில் நடந்தே வெளியே போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இது பிறவிக் குணமில்லை. விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வளர்ந்தவளுக்குத் தூசி என்பது கூடப் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி. பிளஸ் டூ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து, சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் அவளுக்கும் தூசிக்கும் பகை மூண்டது. அங்கே தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை, காலுக்கும் ஓர் உறை. போர்டின் மேல் ஒரு முடி விழுந்தாலும் அதைக் கழித்துக்கட்டி விடுவார்கள். முடி விழுந்ததைக் கண்டுபிடிக்கும் வேலைதான் ஜோதிமணிக்கு. கழுகுக் கண் என்று பேர் வாங்கினாள்.

அங்கே அவள் கற்றுக்கொண்ட இன்னொரு வித்தை ஆடிட். பெரிய வாடிக்கையாளர்கள் தங்கள் ஆட்களை அனுப்பித் தொழிற்சாலையைச் சோதிப்பார்கள். வருவதற்கு முன்னால், "எப்பவும் எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க, எதையும் மாத்த வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். அந்தத் தகவல் வந்த மறு நிமிடம் பெயிண்ட் டப்பா திறக்கப்படும். தரையில் மஞ்சள் கோடுகள் புதுசாகும். பழுதான போர்டுகள் மூட்டை மூட்டையாகக் கேன்டீன் பின்னாலுள்ள அறைக்குக் குடிபோகும். வருகிறவர்கள் மெச்சிக்கொண்டு போனதும் மூட்டைகள் திரும்பி வரும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்ததில்லை. ஆடிட் என்றால் அப்படித்தான். ஒளித்து வைப்பதில் ஜோதிமணியின் கை சுத்தமான கை.

கல்யாணமும் அங்கேயேதான் அமைந்தது. மாப்பிள்ளை ராஜேஷ்குமார் அரூர்க்காரன், பக்கத்துக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். மகள் ஸ்வாதி பிறந்து, விடுப்பு தீர்ந்து, ஜோதிமணி வேலைக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. குழந்தைக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டுக்கார அம்மா நஞ்சம்மா தன் பசுவைக் கறந்து சொம்பும் கையுமாக வந்தாள். கறந்த பால் என்றால் அந்த அம்மாளுக்குத் தங்கம். நீர் கலந்து காய்ச்சி ஒரு சங்கு ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு தடித்தது, கன்னமெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது, குடித்ததையெல்லாம் கக்கியது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பசும்பாலில் உள்ள புரதம் இந்தக் குழந்தைக்கு ஆகவில்லை, இது பால் அலர்ஜி, இப்போதைக்குப் பாலின் வாடையே கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

நஞ்சம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "ஏன் தாயி, எங்க பசு என்னா பாவம் பண்ணுச்சு? எம்பாலுக்கு மூஞ்சி வீங்குச்சுன்னு இந்த ஊர்ல யாரும் சொன்னதில்ல கணம்மா!" என்று தண்ணீர்க் குழாயடியில் நின்று கன்னடம் கலந்த தமிழில் நியாயம் கேட்டாள். மற்றவர்கள் பழியை ஜோதிமணி பக்கம் திருப்பினார்கள். பெற்றவள் கூடவே இருந்து தாய்ப்பால் கொடுத்திருந்தால் இந்த வம்பு உண்டா, சம்பாத்தியம் பெரிசா பிள்ளை பெரிசா என்று ஜாடை பேசினார்கள். ஜோதிமணி வேலையை விட்டாள். கழுகுக் கண் வீட்டுக்குள் அடைபட்டது. அன்றிலிருந்து, யார் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் தன்னைச் சோதிக்கத்தான் வருகிறார்கள் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது.

வளர வளர ஸ்வாதிக்குப் பால் ஒத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்து, முதலில் பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கட், அப்புறம் தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்து அனுப்பினார்கள். தயிரைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பது போல அந்தக் குழந்தை தயிரும் சோறுமாக வாழ்ந்தது. ஆனால் பால் விலகிய இடத்தில் இழுப்பு வந்து உட்கார்ந்தது. படுக்கப் போட்டால் இருமல், இருமினால் மூச்சில் விசில். ஓசூர்க் குளிர் வேறு.

அப்போதுதான் சுப்ரியா வந்தாள். கிருஷ்ணகிரிப் பெண். கைக்குழந்தைப் பருவத்தில் பால் அலர்ஜி இருந்தவர்களுக்குப் பின்னால் ஆஸ்துமா வருகிறதா, வந்தால் அதில் வீட்டுத் தூசிக்கு என்ன பங்கு என்று ஆராயும் ஒரு பெங்களூர்க் குழுவில் வேலை. ஜோதிமணியின் சம்மதத்தோடு ஸ்வாதியையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். குழந்தை படுக்கும் மெத்தையில் சின்ன மெஷின் வைத்துத் தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும் என்றாள் சுப்ரியா.

"தூசில அப்படி என்னம்மா இருக்கு?"

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கா. நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோலைத் தின்னுட்டு மெத்தைக்குள்ளயே குடும்பம் நடத்தும். அதோட கழிவுதான் மூச்சுக்கு ஆகாது."

"பூச்சியா? எங்க வீட்லயா?"

"எல்லார் வீட்லயும் இருக்கும்க்கா. அடுத்த வாரம் வர்றேன். அதுவரைக்கும் மெத்தையைத் தட்ட வேணாம், விரிப்பைத் துவைக்க வேணாம். எப்பவும் எப்படி இருக்கோ அப்படியே விட்டுடுங்க."

எப்பவும் எப்படி இருக்கோ அப்படியே! ஜோதிமணிக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறாள் அந்த வாக்கியத்தை.

அவள் மெத்தை அம்மா வீட்டுச் சீதனம், இலவம்பஞ்சு அடைத்தது. வீட்டில் அவள் கைக்குச் சிக்காத பொருள் அது ஒன்றுதான். மேலே விரிப்பை மாற்றலாம், உள்ளே இருப்பதை என்ன செய்வது? ஸ்வாதி கைக்குழந்தையாக இருந்தபோது நனைத்தது, ராஜேஷ்குமார் காப்பி சிந்தியது, மழை நாளில் சுவரோரம் ஈரம் குடித்தது எல்லாம் அதற்குள்தான் இருந்தன. விரிப்பை உருவினால் ஏழெட்டுத் தேசங்களின் வரைபடம் தெரியும். அதையா ஒரு படித்த பெண் மெஷின் வைத்து உறிஞ்சி, பைக்குள் போட்டு, பேரெழுதி ஒட்டிக் கொண்டுபோவாள்?

பக்கத்து வீடு ஜெய்னப்புடையது. கணவர் கௌஸ் மொய்தீன் பஸ் ஸ்டாண்டு பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மகள் ஹீனாவுக்கு நிக்காஹ் முடிவாகி, கட்டிலும் மெத்தையும் வந்து இறங்கியிருந்தன. மெத்தை பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்து நின்றது.

"ஜெய்னப்பக்கா, ஊர்ல இருந்து எங்க நாத்தனார் வாராக. ஒரு நாளைக்கு மட்டும் அந்த மெத்தையைக் குடுக்கீகளா?"

"கல்யாணப் பொண்ணு மெத்தைடி அது!"

"பூ மாதிரி திருப்பித் தாரேன்க்கா."

ஜெய்னப் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தாள். சீதன மெத்தை மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தார்ப்பாய்க்குள் ஒளிந்தது. கேன்டீன் பின்னறைக்குப் போன மூட்டைகளைப் போலத்தான். உறை கழற்றிய புது மெத்தை அதன் இடத்துக்கு வந்தது.

சுப்ரியா பஸ் மாறி மாறிக் களைத்து வந்து சேர்ந்தாள். மெத்தையைப் பார்த்தாள். "புதுசாக்கா?"

"கொஞ்ச நாள் ஆச்சும்மா. உறை போட்டு வச்சுப் பழக்கம்."

"பாப்பா இதுலதான் படுப்பாளா?"

ஸ்வாதி வாயைத் திறந்தாள். ஜோதிமணி அந்த வாய்க்குள் ஒரு பிஸ்கட்டை வைத்து அடைத்துவிட்டு, "ஆமா" என்றாள். மெஷின் ஓடியது. உறிஞ்சிப் பார்த்தும் பை தட்டையாகவே இருந்தது. சுப்ரியா போனதும் புது மெத்தை ஜெய்னப் வீட்டுக்கும், சீதன மெத்தை மாடியிலிருந்து கீழேயும் திரும்பின.

பிறகு ஒருநாள் ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். ஸ்வாதியின் கையில் சொட்டு மருந்து வைத்து லேசாகக் குத்திப் பார்த்ததில், தூசிப் பூச்சிக்கும் தடிப்பு வந்திருந்தது, பாலுக்கும் கொஞ்சம் வந்திருந்தது. டாக்டரம்மா தாளைப் புரட்டினார். "வீட்டுல பூச்சித் தூசி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால அதைக் காரணம்னு சொல்ல முடியல. பழைய பால் அலர்ஜிதான் திரும்பித் தலை தூக்குதோன்னு பார்க்கணும். கொஞ்ச நாளைக்குத் தயிர், பால், பிஸ்கட் எல்லாத்தையும் நிறுத்திப் பார்ப்போம்."

ஜோதிமணி ஸ்வாதியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ராஜேஷ்குமார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தான். "எங்க வூட்ல தரையிலயே சோறு போட்டுத் தின்னலாம் டாக்டர்! கம்பெனில கூட அவ்ளோ சுத்தம் கெடையாது!" காத்திருந்த மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் முன்னாலும் டாக்டரம்மா ஜோதிமணியைப் பாராட்டினார். அந்த நேரத்தில் தரை பிளந்து அவளை விழுங்கியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தரை கிரானைட், பிளக்கவில்லை.

சொல்லியிருக்கலாம். வாசல்படி இறங்கும்போது சொல்லியிருக்கலாம், பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். ராஜேஷ்குமார் அன்றே கம்பெனி பஸ் முழுக்கப் பரப்பிவிட்டான். பெங்களூரிலிருந்து மெஷின் வந்து தேடியும் அவன் வீட்டில் தூசி சிக்கவில்லை என்று. ஒவ்வொரு நாளும் அந்தப் பொய்க்கு ஒரு சுற்று சதை போட்டது. அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் நடமாடினாள்.

தயிர் இல்லாத சோற்றை ஸ்வாதி தட்டோடு தள்ளிவிட்டாள். ரசம், பருப்பு, குழம்பு எதற்கும் மசியவில்லை. கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. இழுப்போ இருந்த இடத்திலேயே இருந்தது. "தயிருக்குக் குட்டி மேல கோவமாம்மா?" என்று குழந்தை கேட்டாள். வீட்டில் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு மத்தியானம் பிள்ளையைக் காணவில்லை. ஜெய்னப் வீட்டுக் கோரைப்பாயில், வாயைச் சுற்றி வெள்ளையாய்த் தயிர் காய்ந்திருக்க, மூச்சுச் சீராகப் போக, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஜோதிமணி எழுப்பி முதுகில் ஒன்று வைத்து இழுத்து வந்து, தன் வீட்டு மெத்தையில் போட்டாள். அழுது அழுது முகத்தைப் பஞ்சுக்குள் புதைத்த பிள்ளைக்குச் சற்றைக்கெல்லாம் இழுப்பு கண்டது. பஃப் மருந்தை வாயில் வைத்து உறிஞ்ச வைத்து இழுப்பு அடங்கியதும், ஜோதிமணி ஜெய்னப் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"யாரைக் கேட்டுத் தயிர் குடுத்தீக?"

"பிள்ள பசிக்குதுன்னுச்சு, குடுத்தேன். எப்பவும் குடுக்கறதுதானே?"

"டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்காக!"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீ சொன்னியா?"

சொல்லவில்லைதான். சொன்னால் ஏன் என்று ஜெய்னப் கேட்பாள், பேச்சு சுற்றிச் சுற்றி மெத்தையில் போய் நிற்கும். பதில் இல்லாதவர்கள் செய்வதையே ஜோதிமணியும் செய்தாள். குரலை உயர்த்தினாள். "இனிமே எம்பிள்ளைக்கு உங்க வீட்ல எதுவும் குடுக்க வேணாம்!"

ஜெய்னப் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "விஷமா வச்சேன் உம்பிள்ளைக்கு? போ. எம் வாசலுக்கு இனி நீயும் வராதே, அவளையும் அனுப்பாதே."

வீடு திரும்பிய ஜோதிமணி, இருமிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். தயிரைத் தின்றுவிட்டுப் பாயில் படுத்தவரை பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இந்த மெத்தையில் முகம் பட்ட பிறகுதான் இழுத்தது. பழுது எந்த மேஜையில் விழுகிறது என்று கண்டுபிடிப்பதைத் தொழிலாகச் செய்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. உண்மையில் முதல் நாளே தெரியும். தெரிந்தும் ஒரு மெத்தையின் மானத்தைக் காக்கப் பிள்ளையின் சோற்றைப் பிடுங்கியிருக்கிறாள். அந்த நினைப்பு வந்ததும், தனியாக இருந்தபோதும்கூட, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை சுப்ரியா சிரித்துக்கொண்டே வந்தாள். ஜோதிமணி வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் விதத்தைப் போனில் படம் பிடித்து மற்ற அம்மாக்களுக்குக் காட்டப் போகிறாளாம்.

"ரெடியாக்கா? மெத்தையை எப்படி வச்சுக்கறீங்கன்னு அதுல இருந்தே ஆரம்பிங்க."

ஜோதிமணி துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் அவள் முகத்தை நோக்கி நீண்டது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

"அணைச்சிரும்மா" என்றாள். "நீ அன்னைக்கு எடுத்த மெத்தை எங்களுது இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். மாடி, தார்ப்பாய், பிஸ்கட், எதையும் விடவில்லை. சுப்ரியாவின் சிரிப்பு மெதுவாக வடிந்தது.

"ஏன்க்கா?"

"ஆடிட் மாதிரின்னு நெனச்சுட்டேன்."

"உங்க வீட்டு அளவையும் சேர்த்துத்தான்க்கா கணக்குப் போட்டிருக்கோம். தூசியே இல்லாத வீட்லயும் வீசிங் வருதுன்னு உங்களை வச்சு ஒரு கூட்டத்துல பேசியாச்சு." போனைப் பைக்குள் திணித்தாள். கோபத்தில்தான். "என்னையும் கேப்பாங்க. பிளாஸ்டிக் உறையோட ஓரம் கிழிஞ்சு மூலையில ஒட்டிட்டிருந்துச்சு, நான் பார்த்தேன். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல கேக்காம விட்டுட்டேன்." மறுபடி மெஷினோடு வருவதாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஷிப்ட் முடிந்து வந்த ராஜேஷ்குமாரிடமும் சொன்னாள். "பஸ் பூரா சொல்லி வச்சிருக்கேனே, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஏறுவேன்?" என்றுதான் அவனும் முதலில் கத்தினான். பிறகு குரல் இறங்கியது. "அது கெடக்குது. பாப்பா சோறு திங்காம இளைச்சுது பாரு, அது இதுக்காவா?" அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். அதன் பிறகு அவன் அதைக் கேட்கவில்லை. இரண்டு நாள் அவளிடம் எதையுமே கேட்கவில்லை.

இரண்டாவது முறை மெஷின் வந்தபோது லைன் வீடே கூடிவிட்டது. வரைபட மெத்தை பட்டப்பகலில் கதவு திறந்த அறையில் கிடந்தது. மெஷின் இரைந்தது, திணறியது, நின்றது. சுப்ரியா பையை மாற்றி மறுபடி ஓட்டினாள். பையில் சாம்பல் நிறத்தில் ஏதோ மெத்தென்று சேர்ந்தது. அதில் ஒரு தலையணை தைக்கலாம் என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள், சின்னத் தலையணைதான். நஞ்சம்மா எட்டிப் பார்த்து, "எம்பசு தப்பிச்சுது" என்றாள்.

ஜெய்னப் தன் வாசலை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்தே பேசினாள். "ஓ, அன்னைக்கு வந்த நாத்தனார் இந்த மெஷின்தானா? எம்பொண்ணு மெத்தையில துளி அழுக்கில்லன்னு பெங்களூர்லயே எழுதி வச்சிருக்காங்களாமே. அந்தப் பேப்பரை வாங்கிக் குடு, சம்பந்தி வீட்டுக்கு ஆகும்!" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஜோதிமணி பையின் வாயைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் நின்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. தாளில் பழைய அளவை ஒரே கோடாக அடித்தார். மெத்தையை வீட்டை விட்டு வெளியேற்றச் சொன்னார். புதிதாக வாங்கினால் தலையணைக்கும் சேர்த்து இறுக்கமான ஜிப் உறை, விரிப்புக்கு வாராவாரம் வெந்நீர். ஸ்வாதியை அங்கேயே உட்கார வைத்து மறுபடியும் தயிர் கொடுத்துப் பார்த்தார்கள். உதடு தடிக்கவில்லை, உடம்பு சிவக்கவில்லை. பால் குற்றவாளி இல்லை என்று ஆனது. இழுப்பு ஒரேயடியாகப் போய்விடாது, பஃப் தொடர வேண்டும், ஆனால் குறையும் என்றார். குறைந்துகொண்டும் வந்தது. பாயில் படுத்த பிள்ளை விடியும்வரை விசிலில்லாமல் தூங்கினாள்.

தயிர் வீட்டிலேயே கிடைத்தும் ஸ்வாதி கேட்டது ஜெய்னப் வீட்டுத் தயிரைத்தான். பெரியவர்கள் சண்டை குழந்தைக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அந்த வாசலுக்குப் போனால் அடி விழும் என்பதுதான். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோதிமணி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். ஜெய்னப் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தப்பு என் மேலதான்க்கா. உங்ககிட்ட பொய் சொன்னேன். அப்புறம் உங்க தயிர் மேலயும் பழி போட்டேன்."

ஜெய்னப் முறத்தை ஒருமுறை தட்டினாள், இன்னொருமுறை தட்டினாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வருவாள் என்றே ஜோதிமணிக்குத் தோன்றவில்லை. வந்தாள். கிண்ணத்தில் தயிரும் சோறும் பிசைந்து கொண்டுவந்திருந்தாள். ஸ்வாதி கை நீட்டினாள். ஜெய்னப் கிண்ணத்தைக் குழந்தையிடம் கொடுக்கவில்லை, அம்மாவிடம் நீட்டினாள்.

"நீயே ஊட்டு. இங்கயே, எல்லாரும் பாக்கற மாதிரி. நாளைக்கு இருமுனா எம்பேரு வரக் கூடாது."

ஜோதிமணி வாங்கிக்கொண்டாள். கண்ணுக்கெட்டிய வாசல்களிலெல்லாம் ஆள் நின்றிருந்தது. அந்தப் படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, மகளுக்கு முதல் கவளத்தை ஊட்டினாள்.